அண்ணாந்து பார்த்தால் தெரியாத புறா

"சார், நம்ம மாநிலப் பறவை மயில்தானே?" என்று கேட்டார் ஆட்டோ ஓட்டும் தம்பி. அவர் பெண்ணுக்குப் பள்ளியில் வினாடி வினாவாம். மயில் தேசியப் பறவை, தமிழ்நாட்டுக்கு மரகதப்புறா என்றேன். "புறாவா? அதுக்கா சார் பஞ்சம்?" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே திருவண்ணாமலைக் கோயிலின் ராஜகோபுரத்தைக் காட்டினார். அது இல்லை தம்பி, இது பச்சை என்றதும், "பச்சைன்னா கிளி சார்" என்றார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அருணகிரிநாதர் கிளி வடிவில் வந்தமர்ந்ததாகச் சொல்லும் கிளி கோபுரத்தைக் கோயிலுக்குள்ளேயே வைத்திருக்கிற ஊர் இது. பச்சைப் பறவை என்றால் வேறெதுவும் நினைவுக்கு வராததில் ஆச்சரியமில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தேன். அவரிடம் சொன்னதோடு, சவாரி வந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கோபுரத்துப் புறாவை முடித்துவிடலாம். அது மாடப்புறா. இந்த இனத்தின் பூர்வீகம் மலைமுகடுகளும் கடலோரப் பாறைச் செங்குத்துகளும். கூடு கட்ட அதற்கு மரம் வேண்டாம். நிழலான ஒரு பாறை இடுக்கும், கால் வைக்க ஒரு விளிம்பும் கிடைத்தால் போதும். பதினோரு நிலை, 217 அடி என்று எழும்பி நிற்கும் ராஜகோபுரம், சுதை உருவங்களும் மாடங்களும் நிறைந்த செங்குத்துப் பாறையாகத்தான் அதன் கண்ணுக்குப் படும். கீழே கடைத்தெருவில் சிந்தும் தானியம் சாப்பாடு. காடு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாமல் வாழ்நாளைக் கழித்துவிட முடியும். நாம் தினமும் பார்க்கும் இந்த ஒன்றை வைத்தே புறா என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உலகத்தில் 300க்கும் மேற்பட்ட புறா இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காட்டுவாசிகள்.

இந்த ஊரிலேயே கொஞ்சம் கவனித்தால் வேறு புறாக்களும் தென்படும். வயலோரத்தில் தவிட்டுப்புறா, தோட்டங்களில் புள்ளிப்புறா, முள்காட்டில் கள்ளிப்புறா. பழம் பழுத்த ஆலமரத்தில் பச்சைப்புறாவும் வரும். இங்கேதான் ஒரு குழப்பம். பச்சைப்புறா வேறு, மரகதப்புறா வேறு. பச்சைப்புறாவுக்கு உடம்பே மஞ்சளோடிய பச்சை, கால் மஞ்சள். கூட்டமாக வந்து மரத்தின் உச்சியில் பழம் தின்னும். இலையோடு இலையாக உட்கார்ந்துவிட்டால் ஒரு கூட்டமே இருந்தும் மரம் காலியாகத் தெரியும், யாராவது கை தட்டினால்தான் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பும். மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை அது. தரைக்கு அநேகமாக இறங்குவதே இல்லை. மரகதப்புறாவோ தரையை விட்டு ஏறுவதற்கு யோசிக்கிற பறவை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அதன் தோற்றம், நடை, பறக்கும் விதம், இரை எல்லாமே தானாக விளங்கிவிடும்.

ஆளைப் பார்க்கலாம். மாடப்புறாவை விடச் சிறியது. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர்தான். வால் குட்டை, உடம்பு பருமன். தலை, கழுத்து, மார்பு எல்லாம் இளஞ்சிவப்பில் ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம், வயிற்றுக்குப் போகப் போகச் சாம்பலாக வெளிறும். கண் கரும்பழுப்பு, அலகு நல்ல சிவப்பு, கால்களும் சிவப்பு. பச்சை இருப்பது இறக்கையிலும் மேல்முதுகிலும் மட்டுமே. அந்தப் பச்சைக்குத்தான் மரகதம் என்று பெயர் வைத்தார்கள். ஆணுக்கு நெற்றியும் புருவமும் வெள்ளை, உச்சந்தலை சாம்பல் நீலம், தோள்பட்டை ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண் இன்னும் பழுப்பாக இருக்கும், அந்தத் தோள்திட்டு அதற்குச் சாம்பல் நிறம். இளம் பறவைகள் தாயைப் போலவே இருந்தாலும் உடம்பெங்கும் பழுப்புச் செதில் செதிலாகத் தெரியும்.

அந்தப் பச்சையைப் பற்றி இரண்டு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். பறவைகளில் பெரும்பாலானவற்றின் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில்தான் நிறம் பிறக்கிறது. ஆரணிப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் கொடுத்து நெய்தால், புடவையை மடிக்கும் கோணத்துக்குத் தக்கபடி நிறம் மாறுகிறதல்லவா, மரகதப்புறாவின் இறக்கையும் பார்வைக்கு அப்படித்தான். வெயில் விழுந்தால் பச்சை தகதகக்கும், பொன்னும் வெண்கலமும் ஓடும். நிழலுக்குள் போனதும் அதே இறக்கை கறுத்துப்போய் மட்கிய இலையாகிவிடும். படத்தில் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். படம் எடுப்பவர் வெயில் விழும் நேரம் பார்த்து எடுத்திருப்பார். காட்டுக்குள் நாம் பார்ப்பது, முக்கால்வாசி நேரம், சருகில் நடக்கும் கருநிழல் ஒன்றைத்தான்.

ஏன் இந்த வேஷம்? அடர்ந்த காட்டின் தரையை நினைத்துப் பாருங்கள். மேலே மரங்கள் குடை பிடித்திருக்கின்றன. ஒளி முழுதாக இறங்குவதில்லை, அங்கங்கே காசு காசாக விழுகிறது. கீழே ஈரச் சருகு, அதிலும் பழுப்பு, சிவப்பு, கரும்பச்சை என்று கலந்த நிறம். மேலிருந்து பார்க்கும் வல்லூறின் கண்ணுக்கு இந்தப் புறாவின் பச்சை முதுகு இன்னொரு இலை. பக்கவாட்டில் பார்க்கும் கீரியின் கண்ணுக்கு அந்த ஊதாப் பழுப்பு மார்பு சருகோடு கலந்துவிடும். நமக்குப் பகட்டாகத் தெரியும் உடை, அது வாழும் இடத்தில் ஒளிந்துகொள்வதற்கான உடை.

இரையும் அந்தத் தரையிலேயே கிடைக்கிறது. உதிர்ந்த விதைகள், கீழே விழுந்த அத்திப்பழம், சிறு பழங்கள், நடுநடுவே கரையான். மரத்தில் பெரிய காட்டுப்புறாக்களும் இருவாட்சிகளும் குரங்குகளும் தின்று சிந்துவது இதற்குக் கீழ்த்தளத்துப் பந்தி. விதை பரப்பும் வேலையில் மட்டும் இதைப் பெரிதாகப் புகழ்வதற்கில்லை. அந்தப் பெரிய காட்டுப்புறாக்கள் பழத்தை அப்படியே விழுங்கிக் கொட்டையைத் தூரத்தில் போட்டுவிட்டு வரும், காடு பெருகும். மரகதப்புறாவின் வயிற்றில் இருப்பது கெட்டித் தசையாலான அரைவைப்பை. அங்கே போகும் விதையில் பெரும்பகுதி மாவாகத்தான் போகும். அதிகாலையில் காட்டுச் சாலை ஓரத்தில் இது நின்று கொத்திக்கொண்டிருப்பது அந்த அரைவைக்கு வேண்டிய சிறுகற்களைப் பொறுக்கவும்தான். காட்டுப் பறவை எல்லாமே மரம் நடுகிற பறவை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் குடிப்பதில் எல்லாப் புறாவுக்கும் ஒரே வழக்கம். கோழி ஒரு வாய் எடுத்துத் தலையை மேலே தூக்கி விழுங்கும். புறா அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிவிடும். ஓடைக்கரையில் அதிக நேரம் தலை நிமிர்ந்து நிற்க வேண்டியதில்லை. தரைவாசிக்கு இது லாபம்.

ஆள் வந்தால் இது முதலில் நடக்கப் பார்க்கும். தனியாகவோ ஜோடியாகவோ இருக்கும், கூட்டம் சேருவது குறைவு. விறுவிறுவென்று சருகுக்குள் நடந்து விலகிவிடும். ரொம்பக் கிட்டே போனால்தான் படாரென்று எழும்பும். எழும்பினாலும் உயரே போகாது. தரையிலிருந்து ஆள் உயரத்தில், மரங்களுக்கு நடுவே, நேர்கோட்டில், அசுர வேகத்தில் போகும். அப்போதுதான் முதுகின் கீழ்ப்பகுதியில் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வரும் பட்டைகள் சட்டென்று தெரியும். இறங்கியதும் இறக்கை அவற்றை மூடிவிடும். கண் கறுப்பு வெள்ளையைத் துரத்திக்கொண்டு போகும், அங்கே போய்ப் பார்த்தால் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. காட்டில் இதை நிச்சயமாக அடையாளம் காண அந்த முதுகுப் பட்டைதான் நம்பகமான குறி, பச்சையைக் கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

இப்படித் தாழ்வாகவும் நேராகவும் பறக்கும் பழக்கம் மரங்களுக்கு நடுவே பிழைக்க உதவுகிறது. கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே கொல்கிறது. சிங்கப்பூரில் கட்டடங்களில் மோதி விழும் உள்ளூர்ப் பறவைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கொடுத்த பட்டியலில் இந்தப் புறாவும் உண்டு. காட்டுத்துண்டும் கண்ணாடிக் கட்டடமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற நகரம் அது. கண்ணாடியில் தெரியும் மரத்தின் பிம்பத்தை இது நிஜக் காடு என்று எடுத்துக்கொள்கிறது. மலைப்பிரதேசங்களில் ரிசார்ட் கட்டுகிறவர்கள் வரவேற்பறைக்கு முழுச் சுவர் கண்ணாடி வைப்பதை இப்போது பெருமையாக நினைக்கிறார்கள். வெளிப்பக்கத்தில் நெருக்கமாகப் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டிவைத்தால் பறவை தவிர்த்துவிடும், செலவும் பெரிதில்லை. மோதி மயங்கிக் கிடக்கும் பறவையைப் பார்த்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் விட்டால், அதிர்ச்சி மட்டும்தான் என்றால் தானே தெளிந்து பறக்கும்.

குரலை வைத்துத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது முனகல். மெதுவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் தாழ்ந்த "ஹூம்... ஹூம்...", ஆறேழு தடவை தொடர்ந்து வரும். பக்கத்தில் இருந்து வருகிறதா, பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்தா என்று தீர்மானிக்க முடியாது. சத்தம் வந்த திசையில் நடந்தால் அது வேறு திசையில் இருக்கும். கூடும் அப்படித்தான், சிக்கனத்தின் எல்லை. தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் நாலைந்து குச்சியைப் பெயருக்கு அடுக்கியிருக்கும், அதன்மேல் வெளிர்மஞ்சள் சாயலில் இரண்டு முட்டை. குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் இரண்டு பேருமே பால் கொடுப்பார்கள். தம்பி இதை நம்பவே இல்லை. தொண்டைப்பையின் உட்சுவரிலிருந்து தயிர்த்திரி மாதிரி உதிரும் கொழுப்பும் புரதமும் நிறைந்த பொருள் அது. முதல் சில நாள் குஞ்சுக்கு அதுவே ஆகாரம். கோயில் கோபுரத்து மாடப்புறாவும் அதைத்தான் ஊட்டுகிறது, புறா இனம் முழுவதற்கும் பொது.

இதன் ஊர் பெரிது. லின்னேயஸ் 1758ல் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தபோதே 'இண்டிகா' என்று சேர்த்துவிட்டார், ஆனால் இந்தியாவோடு நிற்கவில்லை. இலங்கை, பர்மா, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பானின் தென்கோடித் தீவுகள் வரை இருக்கிறது. உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவையும் அல்ல. ஈரக்காடு, மூங்கில் புதர், ஓடையோரச் சோலை, அலையாத்திக் காடு, மரம் அடர்ந்த தோட்டம் எங்கும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைதான் இதன் கோட்டை. டாப்சிலிப், வால்பாறை, முதுமலை, குற்றாலத்து மலைகள், முண்டந்துறை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் ஈரமும் நிழலும் தங்கும் மடிப்புகளில் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

அப்படியானால் மாநிலப் பறவை என்று பெயர் இருந்தும் ஏன் எவருக்கும் தெரியவில்லை? மாநில விலங்கான வரையாட்டை நேரில் பார்க்காதவர்கள் கூடப் படத்தில் பார்த்திருக்கிறார்கள். மாநில மரமான பனை ஊர்தோறும் நிற்கிறது. மாநிலப் பூவான செங்காந்தள் வேலியில் பூத்தால் கண்ணில் படாமல் போகாது. மயிலோ இப்போது நெல்வயலில் பகலிலேயே மேய்கிறது. மரகதப்புறா மட்டும் வெளிச்சத்துக்கு வருவதில்லை, நம் ஊர்களில் அதற்கேற்ற நிழல் தரையும் இல்லை. புறாவுக்காகச் சதையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர்களின் முன்னோராகப் பாடிய இலக்கியம் நம்முடையது, புறா என்ற எண்ணத்தின் மீது நமக்குக் குறையாத பாசம். நிஜப் புறாவுக்குத் தேவை சருகு. அதைத்தான் நாம் குப்பை என்று கூட்டிக் கொளுத்துகிறோம்.

இந்த இடத்தில் நம் ஊர் அண்ணாமலைக்கு வந்தாக வேண்டும். 2,600 அடிக்கு மேல் உயர்ந்து, தனியாக நிற்கும் மலை. சுற்றிவர 14 கிலோமீட்டர். இயல்பிலேயே இது வறண்ட மலை, வால்பாறை ஆகாது, ஆக்க நினைப்பதும் அபத்தம். இலையுதிர் மரங்களும் முள்மரங்களும்தான் இதன் இயற்கை, அதோடு நீர் வடியும் மடிப்புகளில் பசுமை மாறாத மரங்கள். ஆனால் இங்கு எஞ்சியிருந்த காடும் கடந்த நூற்றாண்டில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போய், மலை மொட்டையாகிக் கிடந்தது. 1980களிலிருந்து தன்னார்வலர்கள் நாற்று வளர்த்து நட ஆரம்பித்தார்கள், பிற்பாடு ஃபாரஸ்ட் வே அமைப்பு அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறது. மண்ணுக்குரிய மரங்களையே தேடி நடுகிறார்கள். ரமணர் 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்துப் பக்கம் போகிறவர்களுக்கு, வெயிலில் ஏறிவந்த பாதை நிழலுக்குள் நுழையும் இடம் உடம்பிலேயே தெரியும்.

எத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்வதை விட, எந்த இடத்தில் சருகு தங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் கணக்கு. மரம் நின்றாலும் அடியில் தரை சுத்தமாகக் காய்ந்து கிடந்தால் அது தோப்பு. சருகு மூடி, அதற்கடியில் ஈரம் தங்கி, கரையானும் பூரானும் புழங்க ஆரம்பித்தால்தான் காட்டுத் தரை. இது உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும், அழிய ஒரு மதியம் போதும். இந்த மலையின் சரிவுகளில் வாசனைப் புல் ஆள் உயரத்துக்கு வளர்கிறது. பொங்கல் தாண்டினால் காய்ந்துவிடும். அதில் எண்ணெய் இருக்கிறது, ஒரு தீக்குச்சி விழுந்தால் மளமளவென்று மேலேறும். பெரிய மரம் தப்பலாம். கன்றும் சருகும் தப்பாது, அந்தச் சருகில் விழுந்து கிடந்த விதையும் தப்பாது. மரகதப்புறா போன்ற பறவைக்கு வீடும் சாப்பாடும் ஒரே நேரத்தில் எரிந்துபோகிறது. ஆண்டுதோறும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், பச்சைக் கிளைகளை வைத்து அடித்துத் தீயை அணைக்கவும் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் வனத்துறையினரும் மலையேறுகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று உச்சியில் எரியும் நெருப்பை லட்சக்கணக்கான பேர் கைகூப்பிப் பார்க்கிறோம். கோடையில் நடுச்சரிவில் எரிவதைப் பார்த்துவிட்டு, யாராவது அணைப்பார்கள் என்று நடையைக் கட்டுகிறவர்களும் நாம்தான்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தை. அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். பொழுது விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் காட்டுச் சாலையின் வளைவுகளில், முன்னால் இருபது முப்பது அடி தள்ளித் தரையைப் பாருங்கள். வண்டியில் போனால் வேகத்தைக் குறையுங்கள், குறுக்கே பாயும்போது இது எந்த வண்டிக்கும் ஒதுங்காது. சருகு நகரும் சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள், துரத்தினால் முதுகுப் பட்டை மட்டுமே கிடைக்கும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் போகிறவர்கள் அருவியோடு திரும்பிவிடாமல் ஓடையோர நிழல்களிலும் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருங்கள்.

மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் கற்பூரத்தையும் பீடியையும் தீப்பெட்டியையும் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள். மாசி, பங்குனியில் சரிவில் புகையைக் கண்டால் செல்போனில் படம் எடுப்பதற்கு முன்னால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.